கல்லூரி வளாகத்தில் புகையிலை: சட்டம் எதுவரை, கல்லூரியின் வேலை எங்கிருந்து?

கல்லூரிக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது என்பது புதிய விதி இல்லை. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க அதுதான் சட்டம். பெரும்பாலான கல்லூரிகளில் பலகையும் தொங்குகிறது. அப்படியிருக்க, ‘புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம்’ என்று தனியாக எதற்கு ஒரு வழிகாட்டுதல், ஒரு மதிப்பெண் தாள், உறுதிமொழி, சுற்றறிக்கை? ஏற்கெனவே தடை செய்ததை மறுபடியும் தடை செய்கிறார்களா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பிள்ளையை விடுதியில் விட்ட பெற்றோர், பலகை மாட்டியாச்சு, வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில பேராசிரியர்களுக்கு இது இன்னொரு படிவ வேலை.

மூன்று வேறு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வரும் குழப்பம் இது. சட்டம் எதைத் தடுக்கிறது என்பது ஒன்று. மத்திய அரசின் வழிகாட்டுதல் கூடுதலாக என்ன கேட்கிறது என்பது இன்னொன்று. இவை இரண்டும் தொடாத இடத்தில் கல்லூரி தன் சொந்த விதிகளால் என்ன செய்ய முடியும் என்பது மூன்றாவது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: பலகையும் அபராதமும் வேலையின் சின்னப் பகுதிதான். வாசல் கடை, விடுதி, விட நினைப்பவருக்கு உதவி ஆகிய மூன்றையும் கையில் எடுக்காத கல்லூரி, அறிவிப்போடு நின்றுவிடும்.

ஏன் கல்லூரியைக் குறிவைக்க வேண்டும்?

உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இரண்டாம் சுற்று இந்தியாவில் 2016-17-ல் நடந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 28.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 26.7 கோடிப் பேர், ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துவதாக அது சொன்னது. தமிழ்நாட்டில் 20 சதவீதம். நாட்டின் சராசரியைவிட இது குறைவு என்று ஆறுதல்பட்டுக்கொள்ள இடமில்லை. முதல் சுற்றில் தமிழ்நாட்டின் அளவு 16.2 சதவீதமாக இருந்தது. நாடு மொத்தமும் இறங்கியபோது இங்கே ஏறியிருக்கிறது.

அதே கணக்கெடுப்பில் கல்லூரிகளுக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு எண் உண்டு. புகையிலையைத் தொடங்கும் சராசரி வயது முதல் சுற்றில் 17.9, இரண்டாம் சுற்றில் 18.9. பள்ளியைச் சுற்றி வேலி போட்டதில் தொடக்க வயது ஓராண்டு தள்ளிப்போயிருக்கலாம். ஆனால் அது போய் நிற்கும் இடம் கல்லூரியின் முதல், இரண்டாம் ஆண்டு. வீட்டை விட்டு வந்த முதல் வருடம், கையில் கொஞ்சம் பணம், புதுச் சிநேகிதர்கள், சீனியர்களின் பழக்கம் எல்லாம் சேரும் நேரம் அது. மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை நடந்துகொண்டே இருக்கிறது. அந்த வயதுக்குள் நிகோடின் பழகிய மூளைக்கு அதை விடுவது பின்னாளில் பழகியவரைவிடக் கடினம். ஆகவே தொடக்கத்தைத் தள்ளிப்போடுவதே பெரிய லாபம். மூன்று நான்கு வருடம் ஒருவர் தொடாமல் பட்டம் வாங்கி வெளியே வந்துவிட்டால், அப்புறம் தொடங்குவதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

‘புகை இல்லா’ வேறு, ‘புகையிலை இல்லா’ வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம்.

புகை இல்லா வளாகம் என்றால் சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றைப் பற்றவைக்கக் கூடாது. இதன் நோக்கம், பக்கத்தில் இருப்பவர் அந்தப் புகையைச் சுவாசிக்காமல் காப்பது.

புகையிலை இல்லா வளாகத்தில் இவற்றோடு குட்கா, ஹான்ஸ், மாவா, கைனி, மூக்குப்பொடி, உதட்டுக்குள் வைக்கும் பொட்டலம் எல்லாவற்றுக்கும் இடமில்லை. பக்கத்தில் இருப்பவரைக் காப்பதோடு, பயன்படுத்துபவரையும் இன்னும் தொடங்காதவரையும் காப்பது இதன் நோக்கம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. கூல் லிப் போன்ற சின்னப் பொட்டலங்களுக்குப் புகை கிடையாது, நெருப்பு கிடையாது, துப்ப வேண்டிய அவசியமும் பெரிதாக இல்லை. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டு முழு வகுப்பும் உட்கார்ந்திருக்கலாம். கவனிக்கும் ஆசிரியருக்குக்கூட உதடு லேசாக உப்பியிருப்பது மட்டும்தான் தெரியும். முடிந்ததும் டெஸ்க்குக்கு அடியில் ஒட்டிவிடுவார்கள். துப்புரவுப் பணியாளர்தான் அதைச் சுரண்டி எடுக்கிறார். மாணவர்களிடையே இது பரவுவது குறித்து சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-ல் கடும் கவலை தெரிவித்தது. ‘இங்கே புகைபிடிக்கக் கூடாது’ என்ற பலகை இந்தப் பழக்கத்தைத் தொடவே தொடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படைச் சட்டம் 2003-ல் வந்த சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம். அதிகாரிகள் வாயில் ‘கோட்பா’. இதற்கு முன்பே நீதிமன்றங்கள் வழி காட்டியிருந்தன: பொது இடங்களில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999-லும், உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரிலும் தடுத்தன. கல்லூரியைத் தொடும் பிரிவுகள் இவை:

1. பிரிவு 4. பொது இடத்தில் புகைக்கத் தடை. கல்வி நிறுவனங்களும் நூலகங்களும் பொது இடப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. பெரிய ஓட்டல்களும் விமான நிலையங்களும் தனியாகப் புகைக்கும் அறை வைத்துக்கொள்ளலாம். கல்லூரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

2. பிரிவு 5. விளம்பரத்துக்கும் விளம்பர ஆதரவுக்கும் தடை. கல்லூரி விழாவுக்கு சிகரெட் பிராண்டு பணம் தருவதும், பேனரில் பெயர் போடுவதும் இதில் வரும்.

3. பிரிவு 6. இதில் இரண்டு பகுதி. 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. எந்தக் கல்வி நிறுவனத்தைச் சுற்றியும் 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது.

4. பிரிவு 7. பொட்டலத்தில் எச்சரிக்கைப் படம். 2016 ஏப்ரல் முதல் இது பொட்டலத்தின் 85 சதவீதத்தை மறைக்கும் அளவில் இருக்க வேண்டும்.

பிரிவு 4-ஐ மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சர்ச்சை அங்கேதான் வருகிறது. 2003 சட்டத்தின் விளக்கத்தில் ‘திறந்தவெளி பொது இடம் ஆகாது’ என்ற பொருளில் ஒரு வரி உண்டு. கல்லூரி மைதானம், மரத்தடி, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் திறந்தவெளிதானே என்று வாதிடுபவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2008 விதிகள் அந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்துவிட்டன. திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், பேருந்து நிறுத்தம் போல மக்கள் வந்துபோகும் இடங்கள் இந்த விலக்கில் சேராது என்று அவை சொல்கின்றன. இதற்குப் பிறகும் ஒருவர் வாதம் செய்தால், ‘சுற்றுச்சுவருக்கு உட்பட்ட மொத்த நிலமும்’ என்று கல்லூரி தன் விதியிலேயே எழுதிக்கொள்வதுதான் எளிய தீர்வு.

அதே விதிகள் நிர்வாகத்தின் தலையிலும் பொறுப்பை வைக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும், ஒவ்வொரு மாடியிலும், மாடிப்படியிலும் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் பலகை வேண்டும். புகாரை யாரிடம் சொல்வது என்று அதில் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் அங்கே வைத்திருக்கக் கூடாது. புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதத்தையும் அவரே கட்ட நேரும். பல கல்லூரிப் பலகைகளில் அந்தப் பெயர் போடும் இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது. பொறுப்பை ஏற்க யாருமில்லை என்பதை நிர்வாகமே எழுதி மாட்டியது மாதிரி அது.

மெல்லும் புகையிலைக்கு வருவோம். மத்தியச் சட்டத்தின் பிரிவு 4 புகைப்பதோடு நின்றுவிடுகிறது. துப்புவதைத் தமிழ்நாட்டின் 2002-ஆம் ஆண்டு புகைத்தல், எச்சில் துப்புதல் தடைச் சட்டம் தடுக்கிறது. குட்கா, பான் மசாலா விற்பனை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் ஆண்டுதோறும் அறிவிக்கை புதுப்பித்துத் தடுக்கப்படுகிறது. அந்த அறிவிக்கை செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆக இவை துப்புபவரையும் விற்பவரையும் தடுக்கும் சட்டங்கள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காரும் மாணவருக்கு நேராக எந்தச் சட்டமும் நிற்பதில்லை. அங்கே பேச வேண்டியது கல்லூரியின் விதி.

மின் சிகரெட்டிலும் இதே நிலைதான். 2019 சட்டம் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் குற்றமாக்கியது. முதல் முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒருவர் தன் கையில் வைத்து இழுப்பதைப் பற்றி அந்தச் சட்டம் தனியாகப் பேசவில்லை.

100 கஜம்: எங்கிருந்து, எப்படி?

100 கஜம் என்றால் 91.44 மீட்டர். வாசலிலிருந்து சாலை வழியாக நடந்துபோகும் தூரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடைக்காரர்களும் அப்படித்தான் வாதிடுவார்கள்: “சார், கேட்டுலேர்ந்து நடந்து பாருங்க, நூத்தம்பது கஜம் வரும்.” விதி அப்படிச் சொல்லவில்லை. சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி விளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் அளக்க வேண்டும்.

இதனால் என்ன மாறுகிறது என்று பாருங்கள். முன்வாசல் பெரிய சாலையில், பின்பக்கச் சுவர் ஒரு சந்தில் என்று ஒரு கல்லூரி இருந்தால், வாசலே இல்லாத அந்தச் சந்துக் கடையும் எல்லைக்குள் வந்துவிடும். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் டீக்கடையும் வரும். விடுதி வேறு தெருவில் தனிச் சுவரோடு இருந்தால் அதையும் கல்லூரியின் பகுதியாக எடுத்துக்கொண்டு அளப்பதே பொருத்தம். மாணவர்கள் அதிக நேரம் இருப்பது அங்கேதான். ஊருக்கு நடுவே இருக்கும் கல்லூரியைச் சுற்றி இப்படி ஒரு கோடு வரைந்தால் பெட்டிக்கடை, மளிகைக்கடை, பேக்கரி என்று நிறையக் கடைகள் உள்ளே விழும். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துத்தான் பல நிர்வாகங்கள் அளக்கவே தொடங்குவதில்லை.

கடைக்காரரை எதிரியாக நினைத்துத் தொடங்கினால் காரியம் நடக்காது. கடையை மூடச் சொல்லி சட்டம் கேட்கவில்லை; புகையிலையை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறது. டீயும் பிஸ்கட்டும் ஜெராக்ஸும் அங்கே தாராளமாக விற்கலாம். கல்லூரி முதலில் கடை கடையாகப் போய் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்புறம் மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும், காவல் நிலையத்துக்கும், உள்ளாட்சி அமைப்புக்கும் வரைபடத்தோடு கடிதம். கடையில் நுழைந்து சோதிக்கும் அதிகாரம் காவல் உதவி ஆய்வாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உண்டு. கல்லூரி ஆட்கள் தாங்களே போய்ச் சரக்கைப் பிடுங்குவது சட்டப்படி தப்பு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், சில்லறை விற்பனை. மாணவர்கள் முழுப் பாக்கெட் வாங்குவது குறைவு. ஒன்று, இரண்டு என்றுதான் வாங்குகிறார்கள். காசு குறைவு என்பது மட்டும் இதன் விளைவில்லை. பாக்கெட்டை அவர்கள் கண்ணால் பார்ப்பதே இல்லை. 85 சதவீத எச்சரிக்கைப் படமும், 2018 செப்டம்பர் முதல் பாக்கெட்டில் அச்சிடப்படும் விடுபடல் உதவி எண்ணும், யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைச் சேராமல் கடைக்காரரின் டப்பாவுக்குள்ளேயே கிடக்கின்றன. மத்தியச் சட்டம் சில்லறை விற்பனையை இன்னும் தடுக்கவில்லை. கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் தடுத்திருக்கின்றன. தமிழ்நாடும் இதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

200 ரூபாயின் எடை

வளாகத்தில் புகைத்தால் அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். கல்லூரிப் பக்கத்தில் விற்றாலும் 200 ரூபாய் வரைதான். 2003-ல் எழுதிய தொகை. அந்தக் காலத்தில் அது ஓரளவு வலித்திருக்கும். இன்று ஒரு பிரியாணி விலை. பல பாக்கெட் விற்கும் கடைக்கு அது ஒரு நாள் செலவுக் கணக்கில் போய்விடும்.

வயது வரம்பை 21 ஆக்கவும், சில்லறை விற்பனையைத் தடுக்கவும் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன, அது சட்டமாகவில்லை. கர்நாடகம் காத்திருக்காமல் தானே திருத்தியது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தின்படி அங்கே 21 வயதுக்குக் கீழுள்ளவருக்கு விற்கக் கூடாது, அபராதம் 1,000 ரூபாய் வரை, ஹூக்கா பார்களுக்கும் தடை. 21 என்ற எண் கல்லூரிக்கு முக்கியம். 18 என்று வைத்தால் இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி வாங்கலாம். 21 என்று வைத்தால் இளநிலைப் படிப்பின் பெரும்பகுதி பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறது.

முதலாம் ஆண்டில் 17 வயதில் சேர்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புகையிலை கொடுப்பது வெறும் 200 ரூபாய் விவகாரம் இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77-ன்படி, ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கடைக்காரர்களிடம் பேசும்போது இதைச் சொன்னால் கவனமாகக் கேட்பார்கள்.

மத்திய வழிகாட்டுதல் கூடுதலாகக் கேட்பது

மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்பது அம்சங்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் போடச் சொல்கிறது. உள்ளேயும் வாசலிலும் பலகை, விழிப்புணர்வுச் சுவரொட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சி, ஆசிரியர் அல்லது மாணவர்களிலிருந்து கண்காணிப்பாளர், நடத்தை விதியில் புகையிலைத் தடை, 100 கஜ எல்லையைக் குறித்தல், அதற்குள் விற்பனை இல்லாமை என்று போகிறது பட்டியல். எல்லையைச் சாலையில் மஞ்சள் கோடாக வரையச் சொல்லும் யோசனையும் உண்டு. தூரத்தைப் பற்றிய சண்டையை அந்தக் கோடு ஒரே நாளில் முடித்துவிடும் என்பதால் எனக்குப் பிடித்த அம்சம் அதுதான்.

பட்டியலில் நேர்மையைச் சோதிக்கும் அம்சமும் ஒன்று இருக்கிறது: வளாகத்துக்குள் புகையிலை பயன்படுத்திய தடயம் இருக்கக் கூடாது. சிகரெட் துண்டு, கிழித்த பொட்டலம், எச்சில் கறை. பார்க்க வேண்டிய இடங்கள் முதல்வர் அறை வராந்தாவில் இல்லை. விடுதி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கழிப்பறை ஜன்னல் விளிம்பில், ஜெனரேட்டர் அறைக்கு அருகில், மாடிப்படி திரும்பும் மூலையில். இந்த இடங்கள் துப்புரவுப் பணியாளர்களுக்கு அத்துப்படி. ஆய்வுக் குழுவில் அவர்களில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

நிகோடின் எப்படி வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்படும் விதிகள்தான் தோற்றுப்போகின்றன.

இழுத்த புகையிலிருந்து நிகோடின் பத்துப் பதினைந்து விநாடிக்குள் மூளையை எட்டுகிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து ஓர் இதம் கிடைக்கிறது. ரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். குறையக் குறைய எரிச்சல், பரபரப்பு, கவனச் சிதறல். அடுத்ததைப் பிடித்ததும் அது அடங்குகிறது. ‘தம் அடிச்சாத்தான் படிப்பு ஓடுது’ என்று மாணவர்கள் சொல்வதன் பின்னணி இதுதான். முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பை அடுத்த சிகரெட் தணிக்கிறது. படிக்கும் திறன் கூடவில்லை.

இடைவேளை மணி அடித்ததும் வாசல் கடையில் கூடும் கூட்டத்தையும் இதே கணக்கு விளக்குகிறது. இரண்டு வகுப்பு முடிவதற்குள் பழகிய உடம்பு கேட்க ஆரம்பித்துவிடும். வளாகத்தில் தடை வந்தால் இவர்கள் மதில் ஏறுவார்கள், அல்லது வாயில் ஒதுக்கும் பொட்டலத்துக்கு மாறுவார்கள். நிறுத்தினால் வரும் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாளில் உச்சம் தொடும். மூன்று நான்கு வாரத்தில் பெருமளவு அடங்கும். எந்த உதவியும் இல்லாமல் நிறுத்த முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தாக்குப்பிடிக்கிறார்கள். மற்றவர்களைப் பலவீனமானவர்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் போராடுவது ஒரு வேதிப்பொருளோடு.

கல்லூரி செய்ய வேண்டியது: எந்த வரிசையில்?

பொதுவாக நடப்பது இது: திடீரென்று ஒரு நாள் சோதனை, பிடிபட்டவருக்கு சஸ்பென்ஷன், அப்பா அம்மாவை வரவழைத்து எல்லார் முன்னிலையிலும் அவமானம். இதனால் பழக்கம் மறைவிடத்துக்குப் போகிறதே தவிர, வேறொன்றும் நடப்பதில்லை. விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புகைக்கும்போது தீ விபத்து அபாயமும் கூடுகிறது. வரிசையை மாற்ற வேண்டும்.

1. முதலில் உதவி, பிறகு பலகை. தடை நடைமுறைக்கு வரும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆலோசனை ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். தேசியப் புகையிலை விடுபடல் உதவி எண் 1800-11-2356 கட்டணமில்லாதது. 2016 முதல் இயங்குகிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் விடுபடல் மையம் 2002 முதல் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி அருகில் இருந்தால் அங்கிருந்து ஓர் ஆலோசகரை வாரம் ஒரு நாள் வரச் சொல்லிக் கேட்கலாம்.

2. விதியின் வாசகம். ‘புகைபிடித்தல்’ என்று மட்டும் எழுதினால் போதாது. புகைப்பது, மெல்லுவது, உதட்டில் வைப்பது, மூக்கில் இழுப்பது, மின் சிகரெட், புகையிலையே இல்லாமல் நிகோடின் மட்டும் அடைத்து வரும் புதுப் பொட்டலங்கள் எல்லாம் வர வேண்டும். விடுவதற்காக எடுத்துக்கொள்ளும் நிகோடின் சூயிங்கத்துக்கும் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் துண்டுக்கும் வெளிப்படையாக விலக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தைப் பையில் வைத்திருந்த மாணவரைப் பிடித்து விசாரிக்கும் கொடுமை நடக்கும்.

3. யாருக்கெல்லாம்? மாணவர், பேராசிரியர், அலுவலகப் பணியாளர், வாட்ச்மேன், கேன்டீன் ஆட்கள், கட்டடத் தொழிலாளர், பேருந்து ஓட்டுநர், விழாவுக்கு வரும் விருந்தினர் எல்லாருக்கும். துறைத் தலைவர் தன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புகைத்தால் அது அன்று சாயங்காலத்துக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். அதோடு அந்த விதி செத்தது.

4. படிப்படியான நடவடிக்கை. முதல் முறை பேச்சும் உதவிக்கான சீட்டும். இரண்டாம் முறை கட்டாய ஆலோசனை அமர்வு. அதற்கு மேல்தான் அபராதம், ஒழுங்குக் குழு. விற்பவர், ஜூனியர்களை வற்புறுத்துபவர் ஆகியோருக்கு இந்த ஏணி பொருந்தாது. வற்புறுத்துவது ராகிங், அதை ராகிங்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

5. தேதி. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு தடையைக் கடுமையாக்குவது முட்டாள்தனம். தவிப்பின் உச்சமும் தேர்வும் ஒன்றாக வந்தால் மாணவர் திரும்பிப் போய்விடுவார். செமஸ்டரின் முதல் வாரம் சரியான நேரம்.

ஆலோசனைக்கு வரும் மாணவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலாவது என்பதுதான். அரை மணிக்குள் என்றால் நிகோடின் அடிமைத்தனம் ஆழமாகிவிட்டது. மருத்துவ உதவி தேவைப்படலாம். வாரக் கடைசியில் நண்பர்களோடு மட்டும் என்றால், மறுத்துச் சொல்வதற்கான பயிற்சியே போதுமாக இருக்கும். இருவருக்கும் ஒரே சொற்பொழிவைக் கொடுத்துப் பயனில்லை.

‘எனக்கு 20 வயசு, இது என் உரிமை’ என்ற வாதத்துக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வயது வந்தவர் வீட்டில் புகைப்பதைக் கல்லூரி தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. விதி கட்டுப்படுத்துவது இடத்தை. ஆஸ்துமா உள்ள அறைத்தோழர் மூச்சு விடுவதும் அதே இடத்தில்தான். புகையில் 7,000-க்கு மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் குறைந்தது 70 புற்றுநோயை உண்டாக்குபவை. ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் அளவு இல்லை அது.

தடை போட்டால் உண்மையில் குறைகிறதா?

குறைகிறது என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் இருக்கிறது. மிசௌரி மாநிலத்தின் ஓசார்க்ஸ் தொழில்நுட்ப சமுதாயக் கல்லூரி 2003-ல் முழு வளாகத்தையும் புகையிலை இல்லாததாக ஆக்கியது. அங்கே இந்தப் பாதையில் முதலில் போன கல்லூரியாக அது அறியப்படுகிறது. பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வளாகங்கள் ஏதோ ஒரு வகைத் தடைக்கு வந்துவிட்டன. இண்டியானா பல்கலைக்கழகம் 2008-ல் புகைக்குத் தடை போட்டது. தடைக்கு முன்னும் பின்னும், 2007-லும் 2009-லும், மாணவர்களிடம் கேட்டார்கள். புகைப்பவர்கள் 16.5 சதவீதத்திலிருந்து 12.8 ஆகக் குறைந்திருந்தார்கள். அதே மாநிலத்தில் அப்படித் தடை இல்லாத பர்டூ பல்கலைக்கழகத்தில் 9.5 சதவீதம் 10.1 ஆனது.

இந்த எண்களில் இரண்டு செய்தி உண்டு. மாணவர் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் வளாகத்தில் இரண்டே வருடத்தில் இப்படி ஓர் இறக்கம் பெரிய விஷயம். அதே சமயம், தடைக்குப் பிறகும் எட்டில் ஒருவர் புகைத்துக்கொண்டுதான் இருந்தார். அவர்கள் வளாக எல்லைக்கு வெளியே நகர்ந்து நிற்பதும், அங்கே துண்டுகள் குவிந்து அக்கம்பக்கத்தார் புகார் சொல்வதும் பொதுவாக எதிர்பார்க்க வேண்டிய பின்விளைவுகள். நம் ஊரில் அந்த எல்லையில் ஏற்கெனவே ஒரு பெட்டிக்கடை நிற்கிறது. அதனால்தான் 100 கஜ விதியை உள்ளே போடும் தடையோடு சேர்த்தே நடத்த வேண்டும் என்கிறேன். உள்ளே தடை, வாசலில் விற்பனை என்று இருந்தால் கல்லூரியே கடைக்கு வாடிக்கையாளர்களை அனுப்புவதாக ஆகும்.

நம் கல்லூரிகளிடம் இப்படி முன்பின் கணக்கு பெரும்பாலும் இல்லை. எடுப்பது கடினமும் இல்லை. தடை அறிவிக்கும் முன், பெயர் கேட்காத ஐந்து கேள்விப் படிவம் ஒன்று: கடந்த 30 நாளில் பயன்படுத்தியது உண்டா, எந்த வகை, முதலில் எப்போது தொடங்கியது, எங்கே வாங்குவது, விட முயன்றது உண்டா. வகுப்பிலேயே கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லலாம். புள்ளியியல் துறை மாணவர்களே தொகுத்துவிடுவார்கள். ஒரு வருடம் கழித்து அதே கேள்விகள். அதோடு கூட்டித் திரட்டும் குப்பையில் மாதம் ஒரு நாள் துண்டுகளையும் பொட்டலங்களையும் தனியாக எண்ணுவது. பிடிபட்டவர்கள் எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றியைச் சொல்லக் கூடாது, ஏனென்றால் வாட்ச்மேன் கண்டுகொள்ளாமல் விட்டாலே அது குறைந்துவிடும். உதவி கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறினால் அது நல்ல அறிகுறி. முதல் செமஸ்டரில் அந்த எண்தான் முதலில் நகரும். பயன்பாட்டு அளவு இறங்குவது தெரிய அடுத்த கல்வியாண்டு ஆகும்.